அடிமை வைத்திருந்தவர்களுக்கு எப்படி நித்திரை வந்தது?

உவர்மலை ரீச்சர்:
வணக்கம். பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். போன கிழமை அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், அவங்களும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனவங்கதானே? இரவில எப்படி நித்திரை வந்தது?" என்று கேட்டாள். காசுதான் காரணம் என்றேன். அவளுக்கு அது போதவில்லை, முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை. அடிமை வைத்திருந்தவர்கள் தங்கள் வாயாலேயே என்ன நியாயம் சொன்னார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நிலாவெளித் தம்பி:
ரீச்சர், முதலில் கையில் எடுத்தது வேதாகமத்தைத்தான். ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவா கானானைச் சபிக்கிறார். அந்தச் சாபம் ஆப்பிரிக்க மக்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது என்று பிரசங்கம் செய்தார்கள். அந்த அதிகாரத்தில் தோல் நிறம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. வேறு சிலர், 1807இல் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிட்டபோது, மோசே தன் மக்களை எகிப்திலிருந்து மீட்டுப் போகும் பகுதியை எடுத்துவிட்டார்கள். எதைப் படித்தால் அடிமை தலை நிமிர்வான் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

உறுதி எழுதியவர்:
ரீச்சர், நான் திருகோணமலையில் ஒரு நொத்தாரிசிடம் 31 வருசம் காணி உறுதி எழுதியவன். ஓய்வுக்குப் பிறகுதான் இதையெல்லாம் தேடி வாசித்தேன்.

தம்பி சொன்னது சரி. ஆனால் அவர்களை நிம்மதியாகத் தூங்க வைத்தது இன்னொரு பேச்சு என்று நினைக்கிறேன்: "நாங்கள்தானே அவர்களைப் பார்க்கிறோம்."

1837இல் தென் கரோலைனா மாநிலத்து ஜோன் கல்ஹூன் அமெரிக்க செனட்டில் எழும்பி, அடிமை முறையைத் தீமை என்று சொல்லாதீர்கள், அது நன்மை என்றே பேசினார். 1858இல் அதே தென் கரோலைனாவின் ஜேம்ஸ் ஹமண்ட் இன்னும் ஒரு படி போனார். எந்தச் சமூகத்திலும் இழிவான வேலை செய்ய ஒரு கூட்டம் வேண்டும், வீட்டைத் தாங்க மண்ணில் புதைந்து கிடக்கும் அடிக்கட்டை மாதிரி என்றார். எங்கள் அடிமைகளுக்குப் பட்டினி இல்லை, பிச்சை இல்லை, வேலையில்லாத நாள் இல்லை. வடக்கே உங்கள் கூலியாட்களைப் பாருங்கள் என்று திருப்பிக் கேட்டார்.

அவ்வளவு நன்றாகப் பார்த்தார்கள் என்றால் அடிமைகள் ஏன் ஓடினார்கள்? அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற வைத்தியர், தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு டிரபெட்டோமேனியா என்று பெயரும் வைத்தார். அவர் சொன்ன மருந்துகளில் ஒன்று சவுக்கு. படித்த வைத்தியர் எழுதியது இது. இதை வாசித்த இரவு எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். பிரித்தானியா 1833இல் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது. எசமான்களுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. சொத்து என்று ஒத்துக்கொண்டதால்தானே நட்டஈடு! அந்தச் சட்டம் இலங்கைக்குச் செல்லாது என்று அதிலேயே எழுதியிருந்தது. இங்கே அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1844இல்.

ஓம், இங்கேயும் இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத்தில், சீதனம், ஈடு, பங்கு என்று வருகிறதே, அதே தொகுப்பில் அடிமைகளுக்கும் ஒரு பகுதி உண்டு, எந்தெந்தச் சாதியார் என்று பெயர் குறித்து. ஒரு ஆளைப் பலர் கூட்டாகச் சொந்தம் வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டு உரிமையை ஒழிக்க 1818இல் ஒரு சட்டம் போடவேண்டி வந்தது. பிரிபடாத பங்கு 1/12, 1/16 என்று எத்தனையோ காணிக்கு எழுதின கை என்னுடையது. ஒரு மனுசனுக்கும் அப்படிப் பங்கு இருந்தது என்று வாசித்தபோது கை நடுங்கிவிட்டது.

கடற்கரை வீதி:
ஐயா, கோபிக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாக்குவது சரியில்லை. அங்கே கொண்டுபோக ஆப்பிரிக்காவிலிருந்து, அமெரிக்கக் கண்டங்கள் முழுவதற்குமாக, சுமார் 1 கோடி 25 லட்சம் பேரைக் கப்பலில் ஏற்றினார்கள். சங்கிலி, சூடு, ஏலம். இங்கே இருந்தது குடிமை முறை, பரம்பரையாக ஒரு வீட்டுக்குத் தொழில் செய்கிற வழக்கம். நல்லது கெட்டதுக்கு முன்னுக்கு நின்றார்கள், அவர்களுக்கும் உரித்து இருந்தது. குடும்பத்தில் ஒருவர் மாதிரித்தான் என்று எங்கள் தாத்தா சொல்லுவார்.

உறுதி எழுதியவர்:
தம்பி, கோபம் இல்லை. அளவு வேறு, கொடுமையின் விதமும் வேறு, அதை ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது நியாயம் கற்பித்த விதத்தை. "குடும்பத்தில் ஒருவர் மாதிரி" என்று அமெரிக்காவிலும் அப்படியேதான் சொன்னார்கள்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அம்மம்மாவின் கிணற்றடியில், கிடுகு வேலியில் ஒரு சிரட்டை செருகியிருக்கும். தேங்காய் பறிக்க வரும் பெரியவருக்கு அதில்தான் தேத்தண்ணி. எங்களுக்கு மூக்குப்பேணி. குடித்து முடிய அவரே கழுவி, அவரே திரும்பச் செருகிவிட்டுப் போவார். அவர் விரல் பட்டுப் பட்டு வெளிப்பக்கம் மினுங்கும். 1844 கழிந்து நூறு வருசத்துக்கும் பிறகு நடந்தது இது. ஒருநாள் விளையாட அதை எடுத்தேன், கையில் அடி விழுந்தது. அழுதுகொண்டே ஏன் என்று கேட்டேன். "அவையள நாங்கதானே மோனை பாக்கிறம். பொங்கலுக்கு வேட்டி, வருத்தமெண்டா மருந்து, என்ன குறை?" என்றார் அம்மம்மா. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த மனுசி. அன்று இரவும் நன்றாகத்தான் நித்திரை கொண்டார், நான் பக்கத்தில் படுத்திருந்தேன்.

ஹமண்ட் பேசியதை வாசித்தபோது எனக்கு அம்மம்மாவின் குரல்தான் கேட்டது.

உவர்மலை ரீச்சர்:
ஐயா, சனிக்கிழமை 4 மணிக்கு வகுப்புக்கு வந்து இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா? அந்தப் பெரியவரின் பெயர் என்ன?

உறுதி எழுதியவர்:
வருகிறேன் ரீச்சர். பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அம்மம்மாவின் உறுதிகள் எல்லாம் பெட்டியில் இருக்கின்றன. கிணற்றில் எங்களுக்கு எத்தனை பங்கு என்பதுகூட அதில் இருக்கிறது.