கிட் விமானத்துக்கு 13பி ரோட்டரியா, லைக்கோமிங் பிஸ்டனா?

ஆலை டீசல், பகாவ்:
செம்பனை ஆலையில் ஜெனரேட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, தோட்டத்தின் பழைய ரப்பர் கொட்டகையில் இருவர் அமரும் கிட் விமானம் ஒன்றைக் கட்டி வருகிறேன். இறக்கைகள் முடிந்துவிட்டன, எஞ்சின்தான் முடிவாகவில்லை. பழைய லைக்கோமிங் ஓ-320 விமான எஞ்சின் ஒன்றுக்குக் கேட்கும் விலையில் சிறு பங்குக்கே, ஹாஃப்-கட் கடையில் (வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) மஸ்டா 13பி ரோட்டரி கார் எஞ்சின் கிடைக்கிறது. வால்வு, கேம் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு எதுவுமே இல்லாத எஞ்சினில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அனுமதி விவகாரத்தைத் தனியே பார்த்துக்கொள்கிறோம். வானில் எது கைவிடாது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

மூணு மூலை, ஈப்போ:
நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 13பியில் பிஸ்டனுக்குப் பதிலாக இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழல்கின்றன. ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்றுச் சுற்றிவிடுவதால், ஷாஃப்ட் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போதும் ரோட்டர் 2000 சுற்றில்தான் ஓடுகிறது. ரோட்டரின் முனையில் வாயு கசியாமல் அடைக்கும் ஏபெக்ஸ் சீல் தேய்ந்தால் அந்த ரோட்டர் அமுக்கம் இழக்கும். மற்ற ரோட்டர் பெரும்பாலும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். 1991இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்டாவும் ரோட்டரிதான். ஆனால் ஹாஃப்-கட்டில் வருபவற்றில் பல டர்போ வகை. முந்தைய உரிமையாளர் அதை எப்படி ஓட்டினார் என்பது யாருக்கும் தெரியாது, பிரிக்காமல் பொருத்தாதீர்கள். நான் பிரித்த ஒன்றில், வார்ப்பிரும்புத் தட்டுக்கும் அலுமினிய ஹவுசிங்குக்கும் நடுவே இருந்த தண்ணீர் சீல், ஒரே ஒரு முறை கொதித்ததற்கே கருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது.

பழைய ஹேங்கர், சிரம்பான்:
தம்பி, ரோட்டரியின் உள்ளே இருப்பதைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. அதைச் சுற்றி நீங்களே கட்டப் போவதுதான் கவலை. ஓ-320 கிட்டத்தட்ட 5.2 லிட்டர் எஞ்சின். 2700 சுற்றிலேயே 150 அல்லது 160 குதிரைத்திறன் தந்து, புரொப்பெல்லரை நேரடியாகச் சுழற்றுகிறது. 1.3 லிட்டர் 13பி அதே திறனைத் தர 6000 சுற்றாவது ஓட வேண்டும். அந்த வேகத்தில் புரொப்பெல்லரைச் சுழற்ற முடியாது என்பதால் இடையில் கியர் பெட்டி வேண்டும், 2.85 விகிதம் என்றால் சுமார் 2100 சுற்றுக்கு இறங்கும். பிறகு ரேடியேட்டர், பெரிய ஆயில் கூலர் (ரோட்டரியின் ஆயில் தண்ணீரைப் போலவே வெப்பத்தைச் சுமக்கும்), சாதாரண மஃப்ளரை உருக்கிவிடும் புகைச் சூடு. நண்பகல் வெயிலில், ஓடுபாதை முனையில் காற்றோட்டமின்றி காத்திருக்கும் பத்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். மேலும், லைக்கோமிங்கின் மேக்னெட்டோவுக்கு (தானே மின்சாரம் உண்டாக்கித் தீப்பொறி தரும் கருவி) பேட்டரி தேவையில்லை. உங்கள் 13பியின் இக்னிஷனும் இன்ஜெக்ஷனும் மின்சாரம் நின்றால் நின்றுவிடும்.

லைக்கோமிங்கும் குறையற்றதல்ல. எக்ஸாஸ்ட் வால்வு ஒட்டிக்கொண்டு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் தடுமாறும்; ஹேங்கரில் அதை மசக்கை என்போம்! ஆனால் அது எப்படிப் பழுதாகும், எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது.

ஆலை டீசல், பகாவ்:
நன்றி, அண்ணன். 13பியை வாங்கினால் ஒவ்வொரு எரிபொருள் பம்புக்கும் தனி பேட்டரி வைத்தால் போதுமா?

பழைய ஹேங்கர், சிரம்பான்:
பம்புக்கு மட்டும் போதாது. இக்னிஷனுக்கும் இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டருக்கும் அதே ஏற்பாடு வேண்டும். முதலில் எஞ்சினைக் கொட்டகை வாசலில் சட்டத்தில் கட்டி, புரொப்பெல்லரோடு மதிய வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டி, ஆயில் சூட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதி இங்கே போடுங்கள். அதைப் பார்த்த பிறகு பேட்டரியைப் பேசுவோம்.