அப்பாச்சியின் கல்வெட்டும் கந்தப்பரின் குதிரையும்

குழு: அப்பாச்சி வீடு, திருகோணமலை

வெள்ளி

நான், காலை 6.42
எல்லோருக்கும் வணக்கம். அப்பாச்சியின் அந்தியேட்டிக்கு (31ஆம் நாள் கிரியை) முந்தின நாள் பின்னேரம் அவருடைய கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், கையில் இருக்க வேண்டும். அதனால் செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். குடும்ப வரலாறு எழுதிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிற்கிறேன். அப்பாச்சியின் அப்பப்பா கந்தப்பர் குதிரையில் தபால் கொண்டுபோனவர் என்று சின்ன வயதில் இருந்தே கேட்டு வருகிறோம். எங்கிருந்து எங்கே கொண்டுபோனார்? எந்தக் காலம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரியப்பா, காலை 6.58
தம்பி, இதில் கேட்க என்ன இருக்கிறது. அம்மா சொன்னதை அப்படியே எழுது. புலவர் ஐயா பாட்டும் தந்துவிட்டார்.

பரியே றித்தபால் பாங்குடன் சுமந்த
பெரியோன் கந்தப்பர் பேர்த்தி யானவள்

பரி, பெரி. எதுகை எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது பார்.

டொரன்டோ அண்ணா, காலை 7.30
இங்கே மகன் பள்ளிக்கூடத்தில் கந்தப்பரைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். ஆசிரியை உடனே அமெரிக்காவின் போனி எக்ஸ்பிரஸ் பற்றிக் காட்டினாராம். 1860 ஏப்ரல் 3இல் தொடங்கியது. மிசூரியில் செயின்ட் ஜோசப் என்ற ஊரில் இருந்து கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ வரைக்கும் கிட்டத்தட்ட 1,900 மைல், 10 நாளில். பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு தடவை குதிரையை மாற்றுவார்கள். தந்திக் கம்பி இழுத்து முடிந்ததும் 1861 ஒக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை வருடம்தான். எங்கள் கந்தப்பரும் இப்படித்தானா என்று மகன் கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான், காலை 7.41
அப்பாச்சி பிறந்தது 1932. அதை வைத்துப் பின்னால் எண்ணினால் கந்தப்பர் வேலை செய்த காலம் 1880களில் இருந்து 1900களின் தொடக்கம் வரை என்று வரும். தபால் மாமா, அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக்குக் கடிதம் எப்படி வந்தது?

தபால் மாமா, காலை 9.15
கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். தபால் கந்தோரில் 38 வருடம் இருந்தவன், இதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

குதிரை பூட்டிய தபால் வண்டி இலங்கையில் ஓடியது உண்மை. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் தொடங்கினார்கள். அது ஆங்கிலேயர் காசைக் கொட்டிப் போட்ட தெரு. மற்ற வழிகளில் பெரும்பாலும் மனிதர்தான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் ஒரு துண்டு வழி ஓடுவார். அடுத்த தங்குமிடத்தில் இன்னொருவர் பையை வாங்கிக்கொண்டு ஓடுவார். பை நிற்காது, ஆள்தான் மாறும். அந்தக் காலத்தில் அதைத் தப்பால் என்று சொல்வார்கள்.

1857 ஏப்ரல் 1இல் முத்திரை வந்துவிட்டது. ஆனால் திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல்தான். நடுவில் 70 வருடம். இன்னொன்று. 1905 தொடக்கத்தில் லெனார்ட் வூல்ஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்தார். அனுராதபுரம் வரைக்கும் ரயில். அங்கிருந்து தபால் வண்டி. பெயர்தான் அப்படி, இழுத்தவை மாடுகள். தபால் பைகளின் மேல் இருந்துகொண்டு வந்திருக்கிறார். வெள்ளைக்காரத் துரைக்கே 1905இல் மாட்டு வண்டி என்றால், மூதூர், சம்பூர் இருக்கும் கொட்டியாரப் பக்கம் ஒரு தபால்காரருக்குக் குதிரை கிடைத்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தங்கச்சி, காலை 9.22
மாமா, பை கைமாறிக் கைமாறிப் போகும் என்றால், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நான் ஓடின அஞ்சல் ஓட்டம் அதுதானா? இத்தனை வருடம் அந்தச் சொல்லை நின்று யோசித்ததே இல்லை.

தபால் மாமா, காலை 9.24
அதேதான் பிள்ளை. அங்கே பை, உன் கையில் தடி.

பெரியப்பா, காலை 9.50
அப்படியென்றால் அம்மா பொய் சொன்னாரா? நெடுந்தீவில் இன்றைக்கும் குதிரை நிற்கிறது. பறங்கியர், ஒல்லாந்தர் காலத்தில் இருந்து நிற்கிறது. அங்கிருந்து ஒன்றை வாங்கியிருக்கக் கூடாதா? எனக்கு எட்டு வயதில் அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு சொன்ன கதை இது. கல்வெட்டில் அவர் பெயருக்குக் கீழேயே அதை இல்லை என்று எழுதுவதா?

டொரன்டோ அண்ணா, காலை 9.58
அப்பா, யாரும் பொய் என்று சொல்லவில்லை.

மூதூர் மாமி, காலை 10.30
அண்ணா, கோபப்பட வேண்டாம். வழியை யோசித்துப் பாருங்கள். இன்றைக்குப் பாலம் இருக்கிறது, பஸ்ஸில் ஏறி இருந்தால் கொண்டுபோய் விடுகிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாங்கள் எப்படிப் போனோம்? தரைவழியே வந்தால் கிண்ணியா, உப்பாறு, மகாவலி கங்கை, இறால்குழி என்று பாதைக்கு மேல் பாதை (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவை). ஒவ்வொன்றிலும் காத்து நின்று ஏறி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் குடாவைக் குறுக்கறுத்துத் தோணியில் வர வேண்டும். தெற்கே போனால் வெருகல் ஆறு. மாரியில் எல்லாம் ஒரே வெள்ளம். இந்த வழியில் குதிரையை வைத்து ஒருவர் என்ன செய்திருப்பார்? பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடக்க மனிதரால்தான் முடியும்.

அம்மாவின் தகரப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. 2006இல் போரில் சம்பூரை விட்டு ஓடியபோது உடுப்புக்கூட எடுக்காமல், காணி உறுதிகள் (பத்திரங்கள்) வைத்த இந்தப் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். இன்றைக்குத் திறந்து பார்க்கிறேன்.

சனி

மூதூர் மாமி, மாலை 5.17
(படம்)
(படம்)
பழைய காணி உறுதி ஒன்று. மடிப்பில் கிழிந்திருக்கிறது, மெதுவாக விரித்துப் படம் எடுத்தேன். முதல் பக்கத்தின் நடுவில் பாருங்கள். வாங்கியவர் பெயர் "தப்பால் கந்தப்பன்". காணியின் பெயர் "குதிரைகட்டியடி". வடக்கு எல்லை தெரு.

நான், மாலை 5.20
மாமி! குதிரைகட்டியடியா?

மூதூர் மாமி, மாலை 5.23
ஓம். எழுத்து நல்ல தெளிவு. கு, தி, ரை.

பெரியப்பா, மாலை 5.41
நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சம்பூரில் ஆட்களைக் காணிப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். இலுப்பையடியார், ஆலடிவளவார் என்று. ஒரே பெயரில் நாலு கந்தப்பர் இருந்தால் வேறு என்ன செய்வது.

நான், மாலை 5.44
பெரியப்பா, கந்தப்பரை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்?

பெரியப்பா, மாலை 6.30
அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி, இரவு 8.05
(குரல்பதிவு, 1 நிமிடம் 12 நொடி)
போன வருடம் தைப்பொங்கலன்று அப்பாச்சியின் பேச்சை என் போனில் பதிந்து வைத்திருந்தேன். அவர் போனபிறகு இன்றைக்குத்தான் திறக்கத் துணிவு வந்தது. 40ஆவது நொடியை இரண்டு மூன்று தடவை கேளுங்கள். அப்பாச்சி "குதிரையில்" என்று சொல்லவே இல்லை. "குதிரையடித் தபால்காரர்" என்றுதான் சொல்கிறார்.

டொரன்டோ அண்ணா, இரவு 8.11
ஐந்து தடவை கேட்டேன். குதிரையடி. தெளிவாகக் கேட்கிறது.

நான், இரவு 8.13
குதிரைகட்டியடி சுருங்கிக் குதிரையடி ஆகியிருக்கிறது. நாங்கள் பட்டணத்தில் பிறந்தவர்கள், அந்தக் காணியின் பெயரே தெரியாது. அதனால் குதிரை மட்டும் காதில் விழுந்தது, மற்றதை நாங்களே சேர்த்துக்கொண்டோம். அப்பாச்சி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா, இரவு 8.40
அம்மாவின் குரலைக் கேட்டதும் கொஞ்சம் எழும்பிப் போய்விட்டேன். 55ஆவது நொடிக்குப் பிறகு வருவதையும் கேளுங்கள். அப்பப்பா வந்தால் வாசலில் சுடுதண்ணீர் வைப்போம், அப்பம்மா வேப்பெண்ணெய் காய்ச்சி உள்ளங்காலில் தேய்ப்பா, வெடிப்பு அவ்வளவு ஆழம் என்று சொல்கிறார். இதையும் அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார். குதிரையில் போனவருக்கு ஏன் கால் வெடித்தது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

மூதூர் மாமி, இரவு 8.44
அண்ணா, உங்களுக்கு அப்போது எட்டு வயது.

தபால் மாமா, இரவு 9.02
பெயரும் ஊரும் சரி. வேலைக்கு இன்னும் ஒரு சான்று தேடலாம். 1867 சட்டத்துக்குப் பிறகு பிறப்புகளைப் பதிந்திருக்கிறார்கள். கந்தப்பரின் மகன், அதாவது உங்கள் அம்மாவின் அப்பா, பிறந்ததைப் பதிந்திருந்தால் அதில் தகப்பனின் தொழில் என்று ஒரு நிரல் இருக்கும். பிறந்த வருடம் தெரிந்தால்தான் தேடலாம்.

பெரியப்பா, இரவு 9.20
அவருடைய சாதக ஓலையை நான் பார்த்திருக்கிறேன், குறிப்பும் எடுத்து வைத்திருக்கிறேன். விளம்பி வருடம், ஆவணி மாதம்.

நான், இரவு 9.26
2018இல் விளம்பி வந்தது. அறுபது அறுபதாகப் பின்னால் போனால் 1958, 1898. ஆவணி என்றால் 1898 ஓகஸ்ட் நடுவில் இருந்து செப்டெம்பர் நடுவுக்குள். நன்றி பெரியப்பா, இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எங்கே தேடுவது என்றே தெரிந்திருக்காது.

தங்கச்சி, இரவு 9.28
திங்கட்கிழமை காலையில் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) நான் போகிறேன்.

திங்கள்

தங்கச்சி, பிற்பகல் 2.36
கிடைத்துவிட்டது! பழைய பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகத் தேடித் தந்தார்கள். பிரதி கையில் இருக்கிறது. தகப்பன் பெயர்: கந்தப்பன். தொழில்: தப்பால் ஓட்டக்காரன்.

டொரன்டோ அண்ணா, பிற்பகல் 2.40
இங்கே விடியப்புறம். நித்திரையில் இருந்து எழும்பிப் பார்க்கிறேன். மகனுக்குக் காலையில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒன்றரை வருடம்தான் ஓடினார்கள். எங்கள் ஆள் ஒரு குடும்பத்தை வளர்த்து, காணி வாங்கும் அளவுக்கு வருடக் கணக்காக ஓடியிருக்கிறார்.

மூதூர் மாமி, பிற்பகல் 3.05
ஓடிச் சேர்த்த காசில் வாங்கின காணி. அதன் உறுதியைத்தான் அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அப்போது எனக்கு ஆத்திரம், சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் எடுக்கவில்லையே என்று. திரும்பிப் போனபோது வீடு இல்லை. ஆனால் இது எங்கள் காணி என்று காட்ட அந்தக் கடதாசி இருந்தது.

நான், பிற்பகல் 3.30
குடும்ப வரலாற்றில் இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "அன்னாரின் பாட்டனார் கந்தப்பர் கொட்டியாரப் பகுதியில் தபால் ஓட்டக்காரராக வேலை செய்தவர். சம்பூரில் குதிரைகட்டியடி என்னும் காணியில் வாழ்ந்ததால் குதிரையடித் தபால்காரர் என்று ஊரார் அழைத்தனர்." பெரியப்பா, பாட்டைப் பற்றிப் புலவர் ஐயாவிடம் நான் கதைக்கவா?

பெரியப்பா, மாலை 6.12
வேண்டாம், நானே போய் வந்தேன். உறுதியின் படத்தையும் காட்டினேன். பரியை எடுக்கச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கொப்பியை எடுத்து அங்கேயே இருந்து எழுதித் தந்தார்.

கட்டிய தபால்பை கால்நடையாய்ச் சுமந்த
கொட்டியா ரத்துக் கந்தப்பர் பேர்த்தி

இதுவும் எதுகை சரி. கட்டி, கொட்டி. கந்தப்பரின் ஊரும் வந்துவிட்டது.

தபால் மாமா, மாலை 6.20
மச்சான், முந்தினதைவிட இது நல்லது.

பெரியப்பா, மாலை 6.31
தம்பி, நாளைக்குக் காலையிலேயே அச்சகத்துக்குக் கொடு. உறுதியின் முதல் பக்கத்தையும் சின்னதாகப் போடச் சொல்லு, குதிரைகட்டியடி என்ற எழுத்து தெரிகிற மாதிரி. காசு கூடினால் நான் தருகிறேன்.