பேய் கொன்றது என்றால் துப்பறிவாளருக்கு என்ன வேலை?

கடைசிப்பக்கம்: மாயாஜால உலகத்தில் கொலைக்கதை என்றாலே எனக்கு எரிச்சல். பூட்டிய அறைக்குள் பிணம் கிடக்கிறது. சுவருக்குள் புகுந்து போகத் தெரிந்தவர் ஊரில் நாலு பேர் இருந்தால் அப்புறம் பூட்டு எதற்கு? ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அமானுஷ்யத்துக்கு இடமில்லை என்பது இரண்டாவது. இத்தனைக்கும் மனிதர் பாதிரியார்!

மைக்கூடு: அவர் தடுத்தது கடைசிப் பக்கத்தில் வந்து குதிக்கிற பேயை. பேயால் என்ன முடியும், என்ன முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டால்? ராண்டல் காரெட் எழுதிய, டார்சி பிரபு துப்பறியும் கதைகளில் மந்திரத்துக்கு விதிகள் உண்டு, மந்திரவாதிக்கு உரிமம் உண்டு. 1966இல் தொடராக வந்த 'டூ மெனி மெஜீஷியன்ஸ்' கதையில், மந்திரவாதிகள் மாநாடு நடக்கும் லண்டன் விடுதியில், மந்திரப்பூட்டுப் போட்ட அறைக்குள்ளேயே ஒரு மந்திரவாதி குத்துப்பட்டுக் கிடக்கிறார்.

கடைசிப்பக்கம்: விதி எழுதுகிறவரும் அவரே, கேள்வித்தாள் தயாரிப்பவரும் அவரே. விஷம், ரயில் நேரம் என்றால் நானும் கணக்குப் போடலாம். அந்த ஊர் மந்திரம் எனக்கு எப்படித் தெரியும்?

மைக்கூடு: ரயில் நேரத்தையும் ஆசிரியர்தானே சொல்கிறார் சார். இங்கிலாந்துக் கிராமத்து ரயில் நீங்கள் ஏறிப் பார்த்ததா?

தாழம்பூ: டெர்ரி பிராட்செட்டின் 'ஃபீட் ஆஃப் க்ளே' (1996) படித்துவிட்டு வாருங்கள். குள்ளர்கள், ஓநாய் மனிதர்கள், களிமண் ஆட்கள் எல்லாரும் வாழும் நகரம். அதன் ஆட்சியாளருக்கு யாரோ கொஞ்சம் கொஞ்சமாக ஆர்செனிக் பாஷாணம் ஏற்றுகிறார்கள். சாப்பாட்டைச் சோதித்தாலும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால், மெழுகுவர்த்தி. அரண்மனை வேலைக்காரப் பெண் எரிந்து மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அங்கே பாட்டியும் கைக்குழந்தையும் செத்துப் போகிறார்கள். இதில் மந்திரம் எங்கே வந்தது?

கடைசிப்பக்கம்: போட்டு உடைத்துவிட்டீர்களே! வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் இது என் கட்சிக்குத்தான் பலம். மெழுகுவர்த்தி விஷத்துக்குக் குள்ளர்கள் எதற்கு? சாதாரண ஊரிலேயே நடத்தலாமே.

தாழம்பூ: குற்றவாளி யார் என்று நான் சொல்லவில்லை, பயப்படாமல் வாங்குங்கள். குள்ளர்கள் எதற்கா? கொலை விழுந்ததும் ஊர் யார்மேல் பாய்கிறது என்று பார்க்கத்தான். அங்கே களிமண் ஆட்களை உடைக்கச் சுத்தியலோடு கிளம்புகிறார்கள். நமக்குத் தெரிந்த ஊர், தெரிந்த சாதி என்று எழுதினால், வாசகர் தான் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே முடிவு கட்டிவிடுவார்.

மைக்கூடு: சாதாரண ஊரில் நடத்தவே முடியாததும் உண்டு. 2025இல் ஹியூகோ விருது (அறிவியல் புனைவுக்கும் மாயாஜாலக் கதைகளுக்கும் தருவது) வாங்கிய 'தி டெயின்டட் கப்', ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதியது. மாளிகையில் ஓர் அதிகாரி செத்துக் கிடக்கிறார். உடம்புக்குள்ளிருந்து மரம் முளைத்திருக்கிறது. செடிகொடிகளை இஷ்டத்துக்கு மாற்றத் தெரிந்த நாடு அது. அதனால் விசாரணை நேராக விஷயத்துக்குப் போகிறது: அது எப்போது உள்ளே போனது, யார் கையால் போனது?

கடைசிப்பக்கம்: சரி, மரத்தை ஒத்துக்கொள்கிறேன். முளைத்தது என்றால் தடயமும் இருக்கும். ஆனால் செத்தவரையே எழுப்பி 'உன்னை யார் குத்தினது?' என்று கேட்கும் மந்திரம் இருக்கிற ஊரில் கதையை எப்படி ஓட்டுவார்கள்?

மைக்கூடு: முதுகில் குத்தியிருந்தால்?