ஆச்சியின் வந்த நாள்

என் ஆச்சிக்குப் பிறந்த நாள் கிடையாது. வந்த நாள்தான் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில், ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி நடத்திய பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்த பலருக்கும் அப்படித்தான். பிறந்த தேதி தெரியாததால், அந்த வளாகத்துக்குள் வந்து சேர்ந்த நாளையே கொண்டாடுவார்கள். ஆச்சி 1938-இல் சில வாரக் குழந்தையாக அங்கே போனவர். கடைசி வரை எந்தப் படிவத்திலும் அந்தத் தேதியைத்தான் எழுதச் சொன்னார்.

அந்த ஏமி கார்மைக்கேலைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று அதிகம் இருக்க மாட்டார்கள். அதனால் ஆச்சி சொன்னதையும், 2009-இல் அவரோடு டோனாவூர் போய் வந்ததையும் எழுதுகிறேன்.

ஆச்சி அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. அம்மா என்றுதான் சொல்வார். அங்கே பிள்ளைகளை வளர்த்த பெண்கள் சித்தி அல்லது அக்காள், ஆண்கள் அண்ணாச்சி. கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர்களையும் இப்படி உறவுமுறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "எனக்கு எத்தனை சித்தி இருந்தாவ தெரியுமாலே?" என்று ஆச்சி கேட்கும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். ஆதரவற்ற குழந்தை என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

அம்மா 1867-இல் வட அயர்லாந்தின் கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். 1895-இல் இந்தியா வந்தார். அதன்பின் 55 ஆண்டுகள் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. 1901-இல் பெருங்குளத்துக் கோயில் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்த ஏழு வயதுச் சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. பெண் பிள்ளைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்துக்குச் சட்டப்படி தடை வர 1947 ஆகிவிட்டது. அதுவரை எத்தனை பிள்ளைகள்! 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா சின்ன வயதில் நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தாராம், கிடைக்கவில்லை. பிறகு சேலை கட்டிக்கொண்டு நம் ஊர்ப் பெண்ணைப் போலத் தெருக்களில் நடந்தபோதுதான் பழுப்புக் கண்ணின் அருமை புரிந்ததாம். பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடமான கதை இது.

ஆனால் அம்மா நடந்து ஆச்சி பார்த்ததே இல்லை. 1931-இல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் பெரும்பாலும் படுக்கைதான், ஏறக்குறைய இருபது ஆண்டுகள். அவ்வளவு பெரிய குடும்பத்தை ஒரே அறையிலிருந்து கவனித்தார், அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். வந்த நாள் அன்று ஆச்சியை அந்த அறைக்குக் கூட்டிப்போவார்களாம். நரைத்த தலை, மடியில் காகிதங்கள். ஆச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பெயர் சொல்லித் தமிழில் ஜெபிப்பார். "அந்த நேரம் உலகத்துல நான் ஒருத்திதான் பிள்ளை" என்பார் ஆச்சி.

பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தார், மதம் மாற்றினார் என்று அவர்மேல் குற்றம் சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்காக நீதிமன்றப் படியும் ஏறினார். ஆச்சியைப் பெற்றவளை நினைத்தால் எனக்கும் மனம் கனக்கும். ஆனாலும் ஆச்சி உயிரோடு வளர்ந்தார், படித்தார், நர்ஸ் ஆனார். அந்த அறையில் படுத்திருந்தவர் இல்லையென்றால் நான் இல்லை. இதை நான் நடுநிலையாகப் பேச முடியாது, பேசவும் விரும்பவில்லை.

1951-இல் பொங்கல் கழிந்து நாலாம் நாள், ஜனவரி 18, அம்மா காலமானார். 83 வயது. கல்லறைக் கல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை, தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.

நாங்கள் போன அன்று நல்ல வெயில். தொட்டி காய்ந்து கிடந்தது. ஆச்சி சருகை எடுத்துப் போட்டுவிட்டு, பையிலிருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றினார். பாதிகூட நிறையவில்லை. "ஒன்னோடதையும் கொண்டா" என்றார். கொடுத்தேன். அதையும் கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். அப்புறம் பஸ் நிற்கும் இடம் வரை இரண்டு பேரும் தாகத்தோடு நடந்தோம்.