அயர்லாந்துக்காரர்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள்: அவர்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள்?

கில்கென்னியிலிருந்து:

கின்னஸ், பாட்டு, ஓயாத பேச்சு என்று கேள்விப்பட்டுத்தான் எல்லோரும் இங்கே வருகிறோம். பேச்சு உண்மைதான். ஆனால் இவர்களுடைய ஊர்ப்பற்றைப் பார்க்க ஹர்லிங் என்ற மட்டைப்பந்து ஆட்டத்துக்குப் போக வேண்டும். என்னோடு வேலை செய்பவரின் தம்பி தொடக்கப்பள்ளி ஆசிரியர். கவுன்டி (மாவட்டம் மாதிரி) அணியில் ஆடுகிறார். ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை டப்ளின் குரோக் பார்க்கில் லெய்ன்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டி, திங்கள் காலை பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு. சம்பளம் கிடையாது, பயணப்படியோடு சரி. வேறு கவுன்டி கூப்பிட்டால் போவாரா என்று கேட்டேன். அண்ணன்காரர் பதிலே சொல்லாமல் பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார்.

ஹர்லிங் போன்ற ஐரிஷ் ஆட்டங்களை நடத்தும் சங்கமான ஜி.ஏ.ஏ. 1884-ல் தொடங்கியது. ஆங்கிலேயர் ஆட்டங்கள் என்று கால்பந்து, ரக்பி, கிரிக்கெட் ஆடினால் மட்டுமல்ல, வேடிக்கை பார்த்தாலே உறுப்பினரை வெளியே தள்ளிய காலம் உண்டு. கால்பந்துப் போட்டி பார்க்கப் போனார் என்று 1938-ல் ஜனாதிபதி டக்ளஸ் ஹைடையே புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அவர் ஐரிஷ் மொழிக்காக கேலிக் லீக் தொடங்கியவர்களில் ஒருவர்! தடை போனது 1971-ல். எனக்கு இது கொஞ்சம் ஓவராகத்தான் படுகிறது. ஆனால் 1920 நவம்பர் 21 அன்று அதே குரோக் பார்க்கில் பிரிட்டிஷ் படை சுட்டு 14 பேர் செத்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2007-ல் இங்கிலாந்து ரக்பி அணி அங்கே வந்தபோது அவர்கள் கீதத்துக்குக் கூட்டம் மரியாதையாக நின்றது. அப்புறம் 43-13 என்று நொறுக்கி அனுப்பியது அயர்லாந்து அணி. அன்று அரங்கில் இருந்த ஒரு பெரியவர் எனக்கு இரண்டையும் ஒரே பெருமையோடு சொன்னார்.

பெல்ஃபாஸ்டிலிருந்து:

தம்பி, நீங்கள் சொல்வது தெற்குக்குச் சரி. இன்னும் பிரிட்டனோடு இருக்கும் இந்த வட அயர்லாந்தில் கதை வேறு. என் வார்டில் கூட வேலை செய்யும் நர்ஸ் புராட்டஸ்டன்ட். தன்னை பிரிட்டிஷ் என்றுதான் சொல்லுவார். ஹர்லிங் மட்டையைத் தொட்டதில்லை. ரக்பி என்றால் மட்டும் பச்சைச் சட்டையோடு டப்ளினுக்கு ரயில் ஏறிவிடுவார், ஏனென்றால் அதில் வடக்குக்கும் தெற்குக்கும் ஒரே அணி. முதலில் அயர்லாந்தின் தேசிய கீதம் வரும். எழுந்து நிற்பார், வாய் திறக்க மாட்டார். அடுத்து 1995-லிருந்து பாடும் பொதுப் பாட்டு. அதற்குத் தொண்டை கிழியும். கிரிக்கெட்டும் இப்படித்தான். 2011-ல் பெங்களூரில் கெவின் ஓ'பிரையன் 50 பந்தில் சதம் அடித்து இங்கிலாந்தை வீழ்த்திய அணியும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதே.

1998 அமைதி ஒப்பந்தப்படி இங்குள்ளவர்கள் பிரிட்டிஷ், ஐரிஷ், இரண்டும் என்று எப்படி வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இவரும் ஐரிஷ் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். ஏன் என்றால், விமான நிலையத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தாரின் வரிசைக்காகவாம்.

கார்க்கிலிருந்து:

இங்கே பிறந்தாலே குடியுரிமை என்பது 2004 வாக்கெடுப்போடு போய்விட்டது. ஆனால் கிளப்பில் யாரும் காகிதம் கேட்பதில்லை. என் மகள் கமோகி, அதாவது பெண்கள் ஹர்லிங், ஆடுகிறாள். எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல மாட்டேன்; பஸ்ஸில் "உன் ஊருக்குப் போ" என்று கேட்டிருக்கிறாள். சமீபத்தில் ஓர் ஆட்டத்தில் எதிரணிப் பெற்றோர் ஒருவரும் அதையே சொன்னார். எங்கள் பக்கத்துக் கார்க் அம்மாக்கள் போட்ட சத்தத்தில் நடுவர் ஆட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று.