நான்கு கிருமியும் ஒரே நேரத்திலா? அம்மாவின் ரத்த ரிப்போர்ட் பற்றி

கோத்தகிரி_குளிர்:
அம்மாவுக்கு இருமல் தொடங்கி இன்றோடு 24 நாள். வயது 58, கொழுந்து பறிக்கப் போகிறவர். முதல் நான்கு நாள் காய்ச்சல், அப்புறம் வறட்டு இருமல்தான். ராத்திரி படுத்தால் லயன் வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும். பக்கத்து டாக்டர் 5 நாளைக்கு அமாக்ஸிசிலின் கொடுத்தார், ஒன்றும் அசையவில்லை. 17ஆம் நாள், தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று நாங்களாகவே ஒரு தனியார் லேபில் சுவாசத் தொற்றுக்கான ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) பேனல் எடுத்தோம். 3,800 ரூபாய். மைக்கோபிளாஸ்மா ஐஜிஎம் 1.2 (1.1க்கு மேல் போனால் பாசிட்டிவாம்). ஐஜிஜி வரிசையில் மைக்கோபிளாஸ்மா, கிளமைடியா நிமோனியே என்ற பாக்டீரியாக்கள், ஆர்எஸ்வி, அடினோ என்ற வைரஸ்கள், நான்குமே பாசிட்டிவ், எல்லாம் சிவப்பு எழுத்தில். நான்கும் சேர்ந்தா பிடித்திருக்கிறது? கிளமைடியாவை கூகுளில் வேறு தேடித் தொலைத்தேன். அப்பா ரிப்போர்ட்டைக் கேட்கிறார், என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பழைய_செவிலி:
தம்பி, முதலில் அப்பா விஷயம். நீங்கள் கூகுளில் பார்த்தது உடலுறவில் பரவும் வேறு கிளமைடியா. இது நுரையீரலுக்கு வருவது, இருமலிலும் தும்மலிலும் பரவும். தைரியமாக ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

இரண்டாவது, ஐஜிஎம் என்பது புதுத் தொற்றில் முதலில் எழும்பும் ஆன்டிபாடி, ஐஜிஜி என்றால் என்றைக்கோ வந்து போன கிருமியின் தடம். ஆர்எஸ்வி இரண்டு வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் வந்துவிடும். என் ரத்தத்தை எடுத்தாலும் அந்தச் சிவப்பு எழுத்து வரும், உங்கள் ரத்தத்திலும் வரும். அதற்குத்தான் ஒரு வாரக் கூலிக்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள். சாதாரண இருமலுக்கு இந்த டெஸ்ட் தண்டம் என்பது என் முடிவு. 31 வருடம் அரசு வேலையில் இருமல் பார்த்தவள் நான்.

ட்யூப்_ராக்:
சிஸ்டர், தண்டம் என்று ஒரே போடாகப் போடாதீர்கள். நான் 14 வருடமாகக் குன்னூரில் ரத்தம் எடுக்கிறேன். ஐஜிஜியை விடுங்கள், அது பாதி அலங்காரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மைக்கோபிளாஸ்மா ஐஜிஎம் பாசிட்டிவ் வந்திருக்கிறதே? அந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. அமாக்ஸிசிலின் செல்சுவரை உடைக்கிற மருந்து. சுவரே இல்லாத வீட்டில் எதை இடிக்கும்? மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பதற்கு ரிப்போர்ட் காரணம் சொல்கிறது. எடுத்த நாளும் சரி. ஐஜிஎம் ஏறுவதற்கே ஒரு வாரம் பத்து நாள் ஆகும். மூன்றாம் நாளே கையை நீட்டுகிறவர்களைத்தான் நான் திருப்பி அனுப்புவேன்.

பழைய_செவிலி:
வைரஸ் இருமலுக்கும் அமாக்ஸிசிலின் கேட்காது தம்பி. அதனால் கேட்காதது எல்லாம் மைக்கோபிளாஸ்மா ஆகிவிடாது. 1.2 என்பது வாசற்படியில் நிற்கிற எண். அதுவும் அந்த ஐஜிஎம் சில பேருக்கு மாதக்கணக்கில் ரத்தத்திலேயே கிடக்கும். போன சித்திரையில் வந்து போனதாகக்கூட இருக்கலாம். நேர்மாறாக, சின்ன வயதிலிருந்தே பலமுறை வந்து பழகிய பெரியவர்களுக்கு மறுபடி வரும்போது ஐஜிஎம் எழும்பாமலும் போகும். இருந்தாலும் ஏமாற்றும், இல்லாவிட்டாலும் ஏமாற்றும்.

கேத்தி_கேரட்:
ஆன்டிபாடி டெஸ்ட்டே வேண்டாம் என்பதுபோல் போகிறது, என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் அண்ணனுக்கு எட்டு நாள் காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல். எக்ஸ்ரேயில் நெஞ்சில் வெள்ளையாகத் தெரிந்தது. நிமோனியா என்று ஊசி மேல் ஊசி. கடைசியில் ரத்தத்தில் ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம் பார்த்தார்கள், பாசிட்டிவ். உண்ணிக் காய்ச்சல்! டாக்ஸிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. புதர் வெட்டப் போன இடத்தில் கடித்திருக்கிறது. அந்த டெஸ்ட் இல்லையென்றால் அண்ணன் இல்லை.

பழைய_செவிலி:
அது நல்ல டெஸ்ட், மறுக்கவே மாட்டேன். ஒரு கேள்வி மட்டும். அண்ணன் உடம்பில் எங்காவது கருப்பாகப் பொருக்குத் தட்டிய புண் இருந்ததா? சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கும், வலிக்காது.

கேத்தி_கேரட்:
இருந்தது. இடுப்பு நாடாவுக்குக் கீழே. துணி மாற்றும்போது வார்டு நர்ஸ்தான் பார்த்துச் சொன்னார்.

பழைய_செவிலி:
ஆக, கண்டுபிடித்தது நர்ஸின் கண். ரத்தம் கையெழுத்துப் போட்டது.

ட்யூப்_ராக்:
சிஸ்டர், புண் எல்லாருக்கும் இருக்காது, இருந்தாலும் எல்லாருக்கும் கண்ணில் படாது. கையெழுத்து இல்லாமல் செக் பாஸ் ஆகுமா?

கண் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு ஜனவரிக் காலை, வெளியே புல் மேல் உறைபனி. பத்து நாள் இருமலோடு வந்த ஒரு பையனின் சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) ட்யூபைச் சாய்த்தால் கண்ணாடிச் சுவரில் சிவப்பாக ரவை ரவையாக ஒட்டுகிறது. மெஷினில் போட்டால் சிவப்பணு எண்ணிக்கை அதலபாதாளத்தில், எம்சிஹெச்சி (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் அடர்த்தி) நம்ப முடியாத உயரத்தில். உறைந்துவிட்டது, மறுபடி எடுக்கலாம் என்றாள் கூட வேலை பார்த்த பெண். நான் ட்யூபை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பொத்திக்கொண்டேன். ரவை கரைந்து ரத்தம் வழக்கம்போல் ஓடியது. மேஜையில் வைத்தால் மறுபடி ரவை. குளிரில் மட்டும் சிவப்பணுக்களை ஒட்டவைக்கிற ஆன்டிபாடி அது, மைக்கோபிளாஸ்மா வந்தவர்களில் பலருக்கு உண்டாகும். வேறு நோயிலும் வரும் என்பதால் இதை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுத மாட்டார்கள். ஆனால் ரத்தம் பேசாது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

சரி, ஒரு டெஸ்ட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது, அது நியாயம். புத்தகப்படி இரண்டு ரத்தம் வேண்டும். நோயின் தொடக்கத்தில் ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றாக ஓட்டி, அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் தற்போதைய தொற்று என்று தைரியமாகச் சொல்லலாம்.

பழைய_செவிலி:
அந்த இரண்டாம் ரத்தம் வருவதற்குள் நோயாளி குணமாகி மலை இறங்கிக் கல்யாணத்துக்குப் போயிருப்பார்!

மஞ்சூர்_மழை:
இருவரும் அழகாகச் சண்டை போடுகிறீர்கள். ஆனால் 24 நாள் இருமல் என்கிறார், காசநோய் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டப்பா கொடுப்பார்கள், காசு கிடையாது. அதற்கும் ரத்தத்தில் ஆன்டிபாடி பாருங்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். காசநோய்க்கு அந்த வகை ரத்த டெஸ்ட் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் சொன்னது, 2012-ல் இந்திய அரசு தடையே போட்டுவிட்டது. அத்தனை பேருக்குத் தப்பாகக் காட்டியது அது.

பழைய_செவிலி:
நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. வாதத்தில் மறந்தேன்.

ட்யூப்_ராக்:
நானும்தான். இன்னொன்று, இருமி முடிக்கும்போது அம்மாவுக்கு வாந்தி வருகிறதா, மூச்சை இழுக்கும்போது சத்தம் கேட்கிறதா? கக்குவான் இருமல் பெரியவர்களுக்கும் வரும். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் கக்குவானையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசி தயாரித்த ஊரிலேயே இருந்துகொண்டு இதை நாம் மறந்துவிடுகிறோம். மூன்று வாரம் தாண்டினால் தொண்டைப் பஞ்சில் கிருமி சிக்குவது கஷ்டம், அப்போது ரத்தம்தான் உதவும். உங்கள் பேனலில் அது இல்லவே இல்லை. தேவையில்லாத நான்கைப் போட்டுத் தேவைப்படலாமென்ற ஒன்றை விட்டிருக்கிறார்கள். இதில் சிஸ்டர் பக்கம்தான் நான்.

கோத்தகிரி_குளிர்:
எல்லாருக்கும் நன்றி. வாந்தி இல்லை, சத்தமும் இல்லை. இன்று காலை சளி கொடுத்துவிட்டு வந்தோம். வறட்டு இருமல் என்பதால் டப்பாவில் எச்சில்தான் விழுந்தது. சுகாதார நிலையத்துச் சிஸ்டர் அதைத் திருப்பிக் கொடுத்து, வெளியே வெயிலில் நின்று ஆழமாக மூச்சு இழுத்து இருமச் சொன்னார். மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. டாக்டர் எக்ஸ்ரேயும் எழுதியிருக்கிறார்.

ட்யூப்_ராக் அண்ணா சொன்னதைக் கேட்டு லேபுக்கும் போன் செய்தேன், இரண்டாம் ரத்தம் கொடுத்தால் பழையதோடு சேர்த்து ஓட்டுவீர்களா என்று. முதல் ரத்தத்தில் பிரித்தெடுத்த சீரத்தை (தெளிநீரை) ஒரு வாரத்தில் எறிந்துவிடுவார்களாம். வேண்டுமானால் முழு பேனலையும் புதிதாக எடுத்துக்கொள்ளலாம், 10 சதவீதம் தள்ளுபடி உண்டு என்றார்கள்.