கலவைச் சான்றை வைத்து எஃகு உருகும் வெப்பநிலையைக் கணக்கிடலாமா?

கேள்வி: குன்னூர் பட்டறை

தேயிலைத் தொழிற்சாலைகளின் தண்டுகளையும் பல்சக்கரங்களையும் பழுது பார்த்துத் தரும் பட்டறை நடத்துகிறேன். அண்மையில் சிறிய இண்டக்ஷன் உலையில் பழைய தண்டுகளை உருக்கி வார்க்கத் தொடங்கியிருக்கிறேன். கோயம்புத்தூரில் சோதித்து வாங்கிய சான்றில் கார்பன் 0.40, சிலிக்கன் 0.25, மாங்கனீசு 0.75, பாஸ்பரஸும் கந்தகமும் தலா 0.03 விழுக்காடு என்றுள்ளது. கையில் கிடைத்த வாய்பாடுகளில் இவற்றைப் போட்டபோது, உருகத் தொடங்குவது 1352 டிகிரி செல்சியஸ், முழுவதும் உருகி முடிவது 1497 டிகிரி என்று வந்தது. இவ்வளவு பெரிய இடைவெளி உண்மையாக இருக்குமா? ஊட்டியில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. மலை உயரத்துக்காக ஏதேனும் கழிக்க வேண்டுமா?

பதில் 1: கோத்தகிரி, ஓய்வுபெற்ற உருக்காலைப் பணியாளர்

உயரத்தை மறந்துவிடுங்கள். கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது. இரும்பின் உருகுநிலையில் ஊட்டியின் அழுத்தக் குறைவு ஏற்படுத்தும் மாற்றம், ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. 1497 சரியான கணக்குதான். தூய இரும்பு ஏறத்தாழ 1536 டிகிரியில் உருகுகிறது. ஒரு விழுக்காடு கார்பனுக்கு 78, சிலிக்கனுக்கு 7.6, மாங்கனீசுக்கு 4.9 என்று கழித்துக்கொண்டே போனால் உங்கள் எஃகுக்கு 39 டிகிரி குறைகிறது, அதில் 31 டிகிரி கார்பனால் மட்டுமே. முழுவதும் உருகி முடியும் இந்த வெப்பநிலையைத்தான் உலைக்காரர்கள் லிக்விடஸ் என்கிறோம்.

பதில் 2: உலோகவியல் ஆசிரியர்

1352 என்ற எண்தான் தவறு, அது உங்கள் கூட்டல் பிழையன்று. அந்த வாய்பாட்டில் கார்பனுக்கு 415 என்ற பெருக்கெண் இருக்கும். அது கார்பன் மிகக் குறைந்த எஃகுக்கு உரியது. கார்பன் 0.09 விழுக்காடு வரை டெல்டா இரும்பு என்ற படிக வடிவில் உறையும்போது, சாலிடஸ் (உருகத் தொடங்கும் வெப்பநிலை) கோடு செங்குத்தாக இறங்கி 1495 டிகிரிக்கு வருகிறது. 0.17 விழுக்காட்டைத் தாண்டியபின் இறுதியில் உறைவது ஆஸ்டனைட் என்ற வேறொரு படிக வடிவம் என்பதால், அங்கிருந்து 2.1 விழுக்காட்டில் 1147 டிகிரி வரை சரிவு மிக மெதுவாக, விழுக்காட்டுக்குச் சுமார் 180 டிகிரியாகவே இருக்கிறது. அப்படியானால் 0.40 கார்பனுக்கு சாலிடஸ் ஏறத்தாழ 1450 டிகிரி. ஒரே நேர்க்கோட்டை இரண்டு கட்டங்களுக்கும் பொருத்துவது, குன்னூர் மலைப்பாதையின் ஏற்றத்தை வைத்து மேட்டுப்பாளையத்தின் சமதளத்தை அளப்பது போன்றது.

குன்னூர் பட்டறை

நன்றி ஐயா. ஒரு ஐயம் எஞ்சியிருக்கிறது. முதல் வார்ப்பில் தடித்த பகுதி மெலிந்த பகுதியோடு சேரும் கழுத்தில் விரிசல் கண்டது. உடைத்துப் பார்த்தபோது உட்புறம் நீலம் பாய்ந்து கறுத்திருந்தது.

பதில் 2: உலோகவியல் ஆசிரியர்

அந்த நிறம், சூடாக இருக்கும்போதே பிளந்து காற்றுப் பட்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. நான் சொன்ன 1450 சமநிலைக் கணக்கு, அதாவது மிக மெதுவாக உறைவதாகக் கொண்டது. உண்மையில் உறையும்போது பாஸ்பரஸும் கந்தகமும் கடைசித் துளி நீர்மத்தில் குவிவதால், அது இன்னும் கீழ்வரை உறையாமல் நிற்கும். உங்கள் சான்றில் மாங்கனீசு கந்தகத்தைப்போல் 25 மடங்கு இருப்பதால் கந்தகம் அதனோடு சேர்ந்து கட்டுப்பட்டுவிடும். எனவே முதலில், வார்ப்பு சுருங்க இடந்தராத இறுகிய மணல் கருவைத்தான் (உட்குழிவுக்காக அச்சில் வைக்கும் மணல் துண்டு) சந்தேகிப்பேன். ஊற்றும் வெப்பநிலை லிக்விடஸைவிட 60 முதல் 80 டிகிரி கூடுதலாக, அதாவது 1560, 1575 அளவில் இருந்தால் போதும். அதை முக்கி அளக்கும் தெர்மோகப்பிளில் பாருங்கள், கசடு மூடிய பரப்பைக் கண்ணாடி வழி நோக்கும் கருவி தவறாகக் காட்டிவிடும்.